கீழ்ப்படிதலும் மனச்சான்றும்

மக்கள் கூடி வாழும் வாழ்க்கைக்குக் கீழ்ப்படிதல் இன்றியமையாதது. பெற்றோர்க்கு மக்களும், ஆசிரியர்க்கு மாணாக்கரும், தலைவனுக்குப் படைஞரும், மருத்துவர்க்கு நோயாளரும் கீழ்ப்படியாராயின், இல்லமும் பள்ளியும் பாசறையும் மருத்துவ நிலையமும் ஒரு நாளேனும் நடைபெறா. இளமை தொட்டு நமக்குப் புகட்டப்பெறும் நற்பண்புகளுள் இது முதல் வரிசையில் நிற்பது. ஆயின், ஏவுவோர் தீயதொன்றை ஏவினால் ஏவப்படுவோர் என் செய்வர்? "செய்யேன் என்று மறுப்பர்" என நாம் எளிதில் விடையிறுத்து விடுகின்றோம். அவ்விடை எத்துணை உறுதியுடையது என்பதை அளந்து பார்க்கப் புகுந்தார் அமெரிக்க நாட்டு உளநூலறிஞர் ஒருவர். அவர் கண்டவற்றுள் ஒரு பகுதியை மறைவில் வைக்கப்பெற்ற படக்கருவியும் கண்டது. அங்ஙனம் எடுக்கப்பெற்றதே 'ஒபீடியன்ஸ்', அஃதாவது 'கீழ்ப்படிதல்', என்னும் பெயருடைய ஆவணப்படம்.

1965-ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கறுப்பு வெள்ளைப் படம் ஏறக்குறைய முக்கால் மணி நேரமே ஓடுவது. எனினும், உளநூல் பயிற்றும் வகுப்புகளில் அஃது இன்றளவும் காட்டப்பெற்று வருகின்றது. வாதங்களை எழுப்பியும் வருகின்றது. இப்படம் யாது கூறுகின்றது, யாது கூறாது விடுகின்றது, இரண்டினையும் சேர்த்து நோக்குவார்க்கு யாது விளங்கும் என்பனவற்றை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சி எழுந்த வரலாறு

ஸ்டான்லி மில்கிராம் என்பார் 1933-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியிற் பிறந்தவர். அவர்தம் பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவினின்று குடிபுகுந்த யூதர். 1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அதற்கு முன்னர்ச் சாலமன் ஆஷ் என்னும் பேரறிஞரிடம் உதவியாளராய் இருந்தவர். கோடுகளின் நீளத்தை ஒப்பிடுதல் போன்ற எளிய செயலிலுங்கூட, உடனிருப்போர் அனைவரும் தவறான விடையைச் சொல்வாராயின், தம் கண் கண்டதை விடுத்துப் பிறர் சொன்னதையே சொல்வார் பலர் உளர் என்பதை ஆஷ் காட்டியிருந்தார். கோட்டின் நீளத்திற் பிழை செய்வதனால் யாருக்கும் துன்பம் இல்லை. துன்பம் விளைவிக்கும் செயலிலும் மக்கள் இங்ஙனம் இணங்குவரோ என்பதே மில்கிராமின் உள்ளத்தெழுந்த வினா.

அவ்வினா வெற்று வினா அன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய யூதர்களைக் கொலைக்களங்களுக்கு இருப்புப்பாதை வழியாக அனுப்பும் பணியை முன்னின்று நடத்திய அடால்ப் ஐக்மன் என்னும் ஜெர்மானிய அதிகாரி, 1960-இல் அர்ஜெண்டினாவிற் பிடிபட்டு, 1961 ஏப்ரல் 11 முதல் எருசலேமில் விசாரிக்கப்பெற்றான். மேலிடத்துக் கட்டளையைத் தான் நிறைவேற்றியதாகவே அவன் கூறினான். அவ்விசாரணை உலகெங்கும் பேசப்பட்டுவந்த நாட்களில், 1961 ஆகஸ்டு மாதம், மில்கிராமின் சோதனைகள் தொடங்கின. 1962 மே மாத இறுதியில் முடிவுற்றன. படம் எடுக்கப்பெற்றதும் அக்கடைசி நாட்களிலேதான். அம்மாதத்தின் கடைசி நள்ளிரவையொட்டி ஐக்மனும் தூக்கிலிடப்பட்டான். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே நிகழ்ந்தமையால், சோதனையைக் கேள்வியுற்றோர் எல்லாரும் அதனை ஐக்மனோடு சேர்த்தே எண்ணலாயினர்.

சோதனையின் அமைப்பு

1961-ஆம் ஆண்டு ஜூன் மாதம், யேல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள நியூ ஹேவன் நகரத்துச் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. நினைவாற்றலைப்பற்றிய ஆராய்ச்சிக்கு 500 ஆடவர் தேவை என்றும், ஒரு மணி நேரத்திற்கு 4 டாலரும் வண்டிச் செலவிற்கு 50 சென்ட்டும் அளிக்கப்பெறும் என்றும் அதிற் கண்டிருந்தது. அதனைக் கண்டு வந்தோர் 20 முதல் 50 வரை வயதுடைய எழுத்தர், தொழிலாளர், வணிகர் முதலிய பொதுமக்கள்.

வருபவர் அங்கே இருவரைக் காண்பார். ஒருவர் சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஆய்வாளர். மற்றவர் தம்மைப் போலவே விளம்பரங்கண்டு வந்தவராகத் தோன்றும் நடுத்தர வயதினர். தண்டனை கற்றலுக்கு எங்ஙனம் உதவும் என்பதை அறியவே இவ்வாராய்ச்சி என்று அவர்க்குக் கூறப்படும். ஆசானாக அமர்பவர் யார், கற்பவராக அமர்பவர் யார் என்பதைத் துணியச் சீட்டுக் குலுக்கப்படும். வந்தவர்க்கு எப்பொழுதும் ஆசான் சீட்டே கிடைக்கும். இரு சீட்டிலும் அச்சொல்லே எழுதப்பட்டிருக்கும் என்பதை அவர் அறியார். கற்பவரை அடுத்த அறையில் ஒரு நாற்காலியோடு வாரினாற் பிணித்து, கையில் மின்வாயைப் பொருத்துவர். படத்திற் காணப்பெறும் சோதனையில், தமக்கு நெஞ்சு நோய் சிறிது உண்டு என்றும் அவர் அவ்வேளையிற் சொல்லி வைப்பார்.

ஆசான் முன்னர் ஒரு பெரிய மின்கருவி நிற்கும். அதில் ஒரு வரிசையாக 30 விசைகள். 15 வோல்ட்டு முதல் 450 வோல்ட்டு வரை 15 வோல்ட்டாக ஏறிச் செல்வன. 'சிறிய அதிர்ச்சி' என்பதில் தொடங்கி, 'அபாயம்: கடும் அதிர்ச்சி' என்பது வரை அவற்றின் கீழ் எழுதப்பட்டிருக்கும், இறுதி இரண்டின் கீழே சொல் ஒன்றும் இன்றி மூன்று பெருக்கற் குறிகளே காணப்படும். கருவி மெய்யானதென்று நம்பும் பொருட்டு ஆசானுக்கு 45 வோல்ட்டு அதிர்ச்சி ஒன்று கொடுத்துக் காட்டுவர். அவர் பெற்ற அவ்வதிர்ச்சி ஒன்றே அக்கருவியால் உண்மையாகத் தரப்பெற்றது. பின்னர் இணைச்சொற்களை அவர் படித்துக் காட்டல் வேண்டும். கற்பவர் தவறான விடை கூறுந்தோறும் ஒரு விசையை அழுத்தல் வேண்டும். ஒவ்வொரு தவற்றிற்கும் ஒரு படி மேலே செல்லல் வேண்டும்.

கற்பவராக இருந்தவரோ ஆய்வாளரின் கூட்டாளி. அவர் அடைந்த துன்பம் யாதும் இல்லை. அவருடைய முறையீடுகள் முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பெற்றவை. 75 வோல்ட்டில் முனகல். 120-இல் வலிக்கின்றது என்னும் கூக்குரல். 150-இல் "என்னை வெளியே விடுங்கள், நான் இதில் இனி இரேன்" என்னும் வேண்டுகோள். மேலே செல்லச் செல்ல அலறல். 330 வோல்ட்டிற்குப் பின் ஓசை ஒன்றும் இல்லை. விடை கூறாமையையும் தவறாகவே கொண்டு மேலே செல்லுமாறு ஆய்வாளர் பணிப்பார். ஆசான் தயங்கினால் அவர் சொல்லக் கடவன நான்கே வாக்கியங்கள். முதலாவது தொடருமாறு பணிவுடன் கேட்பது. இரண்டாவது ஆராய்ச்சிக்கு அது தேவை என்பது. மூன்றாவது தொடர்தல் முற்றிலும் இன்றியமையாதது என்பது. நான்காவது உமக்கு வேறு வழி இல்லை, தொடர்ந்தே ஆகவேண்டும் என்பது. அச்சுறுத்தலோ தண்டனையோ இல்லை. பணமும் வந்ததற்கே உரியது, இடையில் நின்றாலும் திரும்பக் கேட்கப்படமாட்டாது என்று முன்னரே கூறப்பட்டிருந்தது.

படத்திற் காண்பன

இவற்றை மில்கிராமே தம் குரலில் விளக்க, சோதனைக்கு வந்தவர் ஒருவர்பின் ஒருவராகப் படத்தில் தோன்றுகின்றனர். தம்மைப் படக்கருவி நோக்குகின்றது என்பதை அவர் அறியார். அவருட் சிலர் இடையிலேயே விலகுகின்றனர். விடுவிக்குமாறு ஒரு மனிதர் கேட்கும்போது தாம் இனித் தொடர்வதற்கில்லை என்று அமைதியாகச் சொல்லி நிறுத்தி விடுகின்றனர். ஆய்வாளர் தம் வாக்கியங்களை வரிசையாகக் கூறியும் அவர் அசைந்திலர்.

காண்போர் உள்ளத்தினின்று நீங்காதவர் வேறொருவர். ஏறக்குறைய ஐம்பது வயதினர். அப்போது வேலையின்றி இருந்தவர். முரட்டுத் தோற்றமும் எளிய பேச்சும் உடைய அவர், கொடியவர் என்று யாரும் சொல்லார். கூக்குரல் கேட்டதும் அவர் நாற்காலியில் திரும்புகின்றார். உள்ளே இருப்பவர்க்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று வினவுகின்றார். பொறுப்புத் தம்முடையது என்கின்றார் ஆய்வாளர். அவர் மீண்டும் கருவியின் பக்கம் திரும்புகின்றார். உள்ளேயிருந்து ஓசை அடங்கியபின், சென்று பார்க்குமாறு ஆய்வாளரை வேண்டுகின்றார், அவர் இறந்தே போயிருக்கலாம் என்கின்றார், தலையைக் கையால் தாங்கிக்கொள்கின்றார், வாதாடுகின்றார், ஆனால் விசையை அழுத்துகின்றார். இங்ஙனமே 450 வோல்ட்டு வரை சென்று, நிறுத்துமாறு ஆய்வாளர் கூறிய பின்னரே நிறுத்துகின்றார். ஒரு மனிதனைக் கொன்றுகொண்டிருப்பதாகவே எண்ணியவர், விருந்தினர் வீட்டிற் பேசும் பணிவான மொழியிலேயே பேசினார் என்று மில்கிராம் பின்னர் வியந்து எழுதினார்.

இக்காட்சியைக் கண்டபின் 'மக்கள் கொடியவர்' என்று சொல்லி அமைதல் இயலாது. கொடியவர் இத்துணை வியர்த்து நடுங்கார். மில்கிராம் 1963-இல் வெளியிட்ட முதற் கட்டுரையில், பலர் உடல் நடுங்கினர், நாக்குழறினர், நகங்களைச் சதையிற் புதைத்தனர் என்றும், 40 பேரில் 14 பேர் இடமல்லாத இடத்து அடக்கலாற்றாது சிரித்தனர் என்றும் குறித்துள்ளார். அது களிப்பாற் பிறந்த சிரிப்பு அன்று.

எண்களின் செய்தி

சோதனையின் முடிவை அறியாத உளமருத்துவர் பலரிடம், எத்துணைப் பேர் இறுதி விசை வரை செல்வர் என்று மில்கிராம் கேட்டிருந்தார். ஆயிரத்தில் ஒருவர் செல்லலாம் என்பதே அவர்தம் மதிப்பீடு. நிகழ்ந்ததோ வேறு. முதற் கட்டுரையிற் கண்ட சோதனையில் 40 பேரில் 26 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், 450 வோல்ட்டு வரை சென்றனர். பெண்டிர் 40 பேரைக் கொண்டு நடத்தியபோதும் அதே 65 என்னும் எண்ணே கிடைத்தது.

இவ்வெண் ஒன்றே உலகெங்கும் பரவியது. ஆயின், மில்கிராம் நடத்தியது ஒரே சோதனை அன்று. ஏறக்குறைய 780 பேரைக் கொண்டு, அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றி, இருபதுக்கும் மேற்பட்ட வகையாக அவர் நடத்தினார். அவற்றின் முடிவுகளை ஒப்பிட்டு நோக்குதலே பெரும் பயன் தருவது.

கற்பவரை ஆசான் இருக்கும் அறையிலேயே அமர்த்தியபோது இறுதிவரை சென்றோர் நூற்றுக்கு 40 பேர். கற்பவரின் கையைப் பற்றி மின்தகட்டின்மேல் அழுத்தவேண்டும் என்றபோது 30 பேர். பல்கலைக்கழகத்தை விடுத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ஒரு சாதாரண அலுவலகத்தில் நடத்தியபோது 47 அல்லது 48 பேர். ஆய்வாளர் அறையை விட்டு நீங்கித் தொலைபேசியிற் கட்டளையிட்டபோது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே. அப்பொழுது சிலர், கட்டளைப்படி ஏற்றிச் செல்வதாக வாயாற் கூறிக்கொண்டே கீழ்விசையை அழுத்தினர். உடன் அமர்ந்த கூட்டாளிகள் இருவர் மறுத்து எழுந்தபோது 40 பேரில் நால்வரே இறுதிவரை சென்றனர். இரண்டு ஆய்வாளர் ஒருவர்க்கொருவர் மாறுபட்டுப் பேசியபோது, 20 பேரில் ஒருவரும் செல்லவில்லை. இதற்கு மாறாக, விசையைப் பிறரொருவர் அழுத்த, தாம் வேறு சிறு பணியே செய்யவேண்டும் என்றபோது 40 பேரில் 37 பேர் எதிர்க்காது இறுதிவரை உடன் இருந்தனர்.

மக்களின் இயல்பு ஒன்றே. ஆயினும் அவர் நிற்கும் இடம் மாறச் செயலும் மாறுகின்றது. துன்புறுவோர் அணித்தாயின் கீழ்ப்படிதல் குறைகின்றது. ஏவுவோர் சேய்மையராயினும் குறைகின்றது. மறுப்பார் ஒருவரிருவர் அருகிருப்பின் மிகக் குறைகின்றது. தம் கை நேரே தீங்கைச் செய்யாதாயின் மட்டும் எல்லை கடந்து பெருகுகின்றது. அலுவலகங்களும் படைகளும் பெருகிய நம் காலத்தில் இவற்றுள் இறுதியானதே அஞ்சத்தக்கது.

எழுந்த எதிர்ப்பு

இவ்வாராய்ச்சி வெளிவந்த மறு ஆண்டே, 1964-இல், டயானா பாம்ரிண்ட் என்னும் உளநூல் அம்மையார் அதனை வன்மையாகக் கண்டித்தார். ஆராய்ச்சிக்கு வருவோர் ஆய்வாளரை நம்பி வருகின்றனர். அந்நம்பிக்கையை ஏமாற்றுக்குப் பயன்படுத்தி, அவரைத் தாமே வெறுக்கும் நிலைக்கு உள்ளாக்குதல் முறையன்று என்பது அவர் வாதம். அமெரிக்க உளநூற் சங்கத்தில் மில்கிராம் உறுப்பினராதலும் இக்கேள்வியால் ஓராண்டு தடைப்பட்டது.

மில்கிராம் விடையளிக்காமல் இல்லை. சோதனைக்கு வந்தோர்க்குப் பின்னர் வினாத்தாள் அனுப்பியதில், கலந்துகொண்டமைக்கு மகிழ்கின்றோம் என்றோர் நூற்றுக்கு 84 பேர். வருந்துகின்றோம் என்றோர் இருவரினும் குறைவு என்று காட்டினார். எனினும், ஒருவர் பின்னர் மகிழ்ந்தார் என்பது முன்னர் அவரைத் துன்புறுத்தியதை முறையாக்குமோ என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பிற்காலத்தில், மனிதரைக்கொண்டு செய்யும் ஆராய்ச்சிகளுக்கு 1974-இல் அமெரிக்க நாட்டிற் சட்டம் இயற்றப்பெற்றது. கறுப்பினத்து நோயாளர்க்கு உண்மையை மறைத்து மருந்தளியாது விட்ட டஸ்கீகி ஆராய்ச்சியே அச்சட்டத்திற்கு முதன்மையான காரணம். ஆயினும் மில்கிராமின் சோதனையும் அக்காலத்து விவாதங்களில் இடம் பெற்றதே. இந்நாளில் அச்சோதனையை அவ்வாறே மீண்டும் நடத்த எந்தப் பல்கலைக்கழகமும் எளிதில் இசையாது.

படம் காட்டாதவை

சோதனையின் ஒலிப்பதிவுகளும் ஏடுகளும் யேல் பல்கலைக்கழக நூலகத்திற் காக்கப்பெற்று வருகின்றன. அவற்றைக் கேட்டும் படித்தும் ஆராய்ந்த ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜினா பெர்ரி என்பார் 2012-இல் ஒரு நூல் வெளியிட்டார். மில்கிராம் தம் எழுத்துக்களிற் காட்டிய ஒழுங்கு அறையினுள்ளே அப்படியே இருந்ததில்லை என்பது அந்நூலால் தெரிய வந்தது. ஆய்வாளர் நான்கு வாக்கியங்களோடு நில்லாமல், தயங்கியவர்களைப் பல முறை வற்புறுத்தினார். சோதனை முடிந்தவுடன் பலர்க்கு முழு உண்மை சொல்லப்படவில்லை. கற்பவர் நலமாக உள்ளார் என்று காட்டி அனுப்பினர். மின்னதிர்ச்சியே பொய் என்பதை 1962-ஆம் ஆண்டில் அஞ்சலில் வந்த அறிக்கையைக் கண்டே அவர் அறிந்தனர். இடைப்பட்ட திங்கள்களை அவர் எவ்வாறு கழித்தனர் என்பதை எண்ணுதல் வேண்டும்.

நம்பிக்கையின் அளவும் ஐயத்திற்குரியது. கற்பவர் மெய்யாகவே அதிர்ச்சி பெற்றார் என்று முழுதும் நம்பினோம் என்றோர், மில்கிராமின் வினாத்தாளிலேயே, நூற்றுக்கு 56 பேர். ஐயம் சிறிது இருந்தும் நம்பினோம் என்றோர் 24 பேர். ஏனையோர் தெளிவுறாமலோ நம்பாமலோ இருந்தனர்.

எல்லாவற்றினும் குறிக்கத்தக்கது, மில்கிராம் நடத்தியும் வெளியிடாது விட்ட ஒரு சோதனை. அதில் ஆசானாகவும் கற்பவராகவும் இருந்தோர் முன்பின் அறியாதவர் அல்லர்; நண்பர், உறவினர், அயலார் என இணை இணையாக வந்தோர். அத்தகைய இணைகள் 20. அவற்றுள் இறுதிவரை சென்றோர் மூவரே. 17 பேர் மறுத்துவிட்டனர். 65 என்னும் எண்ணை நம்முள் எத்துணையோ பேர் கேட்டிருப்போம். 17 என்னும் இவ்வெண்ணைக் கேட்டவர் சிலரே. படத்தின் இறுதியில், முன்பின் அறியாத ஓர் ஆய்வாளரின் சொல்லே இத்துணை வலியுடைத்தாயின் அரசாங்கத்தின் சொல் எத்துணை வலியுடைத்தாகும் என்னும் கருத்தை மில்கிராம் முன்வைக்கின்றார். நண்பர்க்காக மறுத்த பதினெழுவரையும் அப்படத்திற் சேர்த்திருப்பின், காண்போர் அச்சத்தோடு நம்பிக்கையும் பெற்றிருப்பர்.

பொருள் யாது?

மில்கிராம் 1974-இல் எழுதிய நூலில், அதிகாரத்தின் முன் நிற்கும் மனிதர் தம்மைப் பிறருடைய கருவியாகவே கருதத் தொடங்கிவிடுகின்றனர், அதனால் பொறுப்புணர்ச்சி மறைகின்றது என்று விளக்கினார். பிற்காலத்து அறிஞராகிய அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீபன் ரைக்கர் என்போர் இதனை ஏற்கவில்லை. வந்தவர் அறிவின்றிக் கீழ்ப்படிந்தாரல்லர். விஞ்ஞானம் என்னும் உயர்ந்த பணிக்குத் தாம் உதவுவதாக நம்பியே தொடர்ந்தனர் என்பது அவர் கொள்கை. இதற்குச் சான்றும் உண்டு. ஜெரி பர்கர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 150 வோல்ட்டோடு நிறுத்திவிடும் அளவிற்குச் சோதனையைச் சுருக்கி மீண்டும் நடத்தி, 2009-இல் முடிவை வெளியிட்டார். நூற்றுக்கு 70 பேர் அவ்வெல்லையைக் கடக்க இசைந்தனர். ஆனால், நான்கு வாக்கியங்களுள் உண்மையான கட்டளை என்று சொல்லத்தக்க நான்காவதைக் கேட்டபின் தொடர்ந்தவர் ஒருவரும் இலர். 'வேறு வழி இல்லை' என்று சொன்னவுடனே மனிதர்க்கு வேறு வழி உண்டு என்பது நினைவுக்கு வந்துவிடுகின்றது போலும்! நெதர்லாந்தினின்று குடியேறிய பொறியியலார் ஒருவர், மில்கிராமின் அறையிலேயே அவ்வாக்கியத்திற்கு, தாம் விரும்பி வந்தவராதலின் தமக்கு வழி உண்டு என்று விடையளித்து, 255 வோல்ட்டில் நிறுத்திவிட்டார்.

ஆகவே நம்மைத் தீமையிற் செலுத்துவது பெரும்பாலும் உருட்டி விழிக்கும் கொடுங்கோல் அன்று. நல்ல பெயர் தாங்கி, பணிவான குரலில், சிறு சிறு படியாக வருவதே அது. 15 வோல்ட்டிற்கு இசைந்தவர்க்கு 30 வோல்ட்டை மறுக்கக் காரணம் இல்லை. 30-க்கு இசைந்தவர்க்கு 45-ஐ மறுக்கக் காரணம் இல்லை. ஒவ்வொரு படியும் முன்னைப் படிக்குச் சான்று கூறுவதாய் அமைந்துவிடுகின்றது.

இவ்விடத்து, படத்தை மீண்டும் ஒரு முறை நோக்குவோம். இறுதிவரை சென்றவர் மறுத்துப் பேசாதவர் அல்லர். ஐம்பது வயதுடைய அம்மனிதர் எத்துணை முறை வாதாடினார்! அவருடைய சொற்களை மட்டும் எழுதிப் படிப்பாராயின், இவர் விலகிவிட்டார் என்றே எண்ணுவர். வாய் மறுத்துக்கொண்டே இருந்தது. கை கீழ்ப்படிந்துகொண்டே இருந்தது. மறுத்துப் பேசுதல் மனச்சான்றின் சுமையைச் சிறிது இறக்கிவைத்து, மேலும் ஒரு விசையை அழுத்த வலிமை தந்ததோ என்றும் ஐயுறுகின்றோம். மறுத்துப் பேசுதல் வேறு, மறுத்து நிற்றல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

விலகியோரிடம் காணப்பெறும் இயல்பு யாது? அவர் வீரர் அல்லர். உரத்துப் பேசினாரும் அல்லர். ஆனால் காலம் தாழ்த்திலர். பிரிட்ஜ்போர்ட்டில் எடுக்கப்பெற்ற ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மொடிக்லியானி, ரோஷா என்னும் இருவர், தொடக்கத்திலேயே எதிர்ப்புக் காட்டியவரே இறுதியில் விலகியவராக மிகுதியும் இருந்தனர் என்று 1995-இல் எழுதினர். விலகியோர் மிகுதியும் விலகிய இடம் 150 வோல்ட்டு. அஃதாவது, விடுவிக்குமாறு கற்பவர் முதன்முதற் கேட்ட இடம். அக்குரலை ஓர் உரிமையுடைய மனிதனின் குரலாகக் கொண்டோர் அங்கேயே நின்றனர். அதனைக் கடந்து சென்றோர்க்கு மற்றோர் இடம் எளிதிற் கிடைக்கவில்லை.

மறைநூற் பயிற்சி உடைய ஒருவர் அங்கே நடந்துகொண்டதையும் மில்கிராம் தம் நூலிற் குறித்துள்ளார். அவர் இறையியற் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பிப்பவர். 150 வோல்ட்டில் நிறுத்திவிட்ட அவர், இம்மனிதரின் நலத்தினும் ஆராய்ச்சி எங்ஙனம் பெரிதாயிற்று என்று ஆய்வாளரையே வினவினார். இறைவனையே முடிவான அதிகாரமாகக் கொண்டவர்க்கு மனிதரின் அதிகாரம் சிறிதாகத் தோன்றும் என்பது பின்னர் அவர் கூறியதன் கருத்து. இவர் அதிகாரத்தை மறுத்தவர் அல்லர், ஓர் அதிகாரத்தினிடத்தில் மற்றோர் அதிகாரத்தை வைத்தவரே என்றார் மில்கிராம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், அம்மேலான அதிகாரம் அவரைத் துன்புறுவோரின் பக்கம் திருப்பியது என்பதை மறத்தலாகாது. சமயத்தின் பெயராலும் தீமை ஏவப்பட்டதுண்டு என்பதை வரலாறு கற்றோர் அறிவர். எனவே, எவ்வதிகாரமாயினும் அது நம்மைத் துன்புறுவோரை நோக்கித் திருப்புகின்றதா, அவரினின்று முகந்திருப்பச் செய்கின்றதா என்பதே அதனை அளக்கும் கோல் எனக் கொள்ளலாம்.

இன்னொருவர், ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியில் வளர்ந்து அமெரிக்காவிற் குடியேறிய மருத்துவத் தொழிலுதவிப் பெண்மணி. அவர் 210 வோல்ட்டில் நடுக்கமோ சினமோ இன்றி நிறுத்திவிட்டார். துன்பத்தை மிகுதியும் கண்டமையே காரணமாகலாம் என்று பின்னர்ச் சொன்னார். கீழ்ப்படிதல் ஒரு நாட்டு மக்களுக்கே உரிய குணம் என்று எண்ணுவார்க்கு இவ்வம்மையார் நல்ல விடை.

முடிவுரை

'கீழ்ப்படிதல்' என்னும் இப்படத்தைப் பொய்யென்று தள்ளுதலும் தவறு. முற்றும் மெய்யென்று கொள்ளுதலும் தவறு. அது தேர்ந்தெடுக்கப்பெற்ற காட்சிகளின் தொகுதி; தன் முடிவிற்கு ஏற்றவற்றைக் காட்டி ஏலாதவற்றை விடுத்தது. ஐக்மனையும் அவ்வறையில் நடுங்கியவரையும் ஒரு தட்டில் வைத்தலும் பொருந்தாது. ஐக்மன் தன் பணியில் ஊக்கமும் பெருமையும் கொண்டிருந்தவன் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. அவ்வறையிலிருந்தோரோ ஒவ்வொரு விசைக்கும் வருந்தியவர். இருந்தும், நல்லவராகிய மனிதர் வருந்திக்கொண்டே தீமை செய்யக்கூடும் என்னும் உண்மையை அப்படம் கண்முன் நிறுத்துகின்றது. அதனை மறுப்பார் இலர்.

கல்லூரியில் வாழும் நாம் பேராசிரியர், நூல், ஆராய்ச்சி என்னும் பெயர்களுக்கு இயல்பாகவே தலைவணங்குபவர். அவ்வணக்கம் நன்று. ஆயின் அறுபதாண்டுகளாக 65 என்னும் எண்ணை ஆராயாது ஏற்று, வகுப்புதோறும் ஒப்பித்து வந்ததும் ஒருவகைக் கீழ்ப்படிதலே என்பதை உணர்தல் வேண்டும். நாளை நாம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் பணியேற்கும்போது, நம்முன் மின்கருவி இராது. தாள்களும் ஆணைகளும் இருக்கும். அடுத்த அறையில் இருப்பவரின் குரல் நமக்குக் கேளாமலும் போகலாம். அப்பொழுது மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்வோமாக: இச்செயலால் துன்புறுவோர் யார்? அவர் வேண்டாம் என்று சொன்னபின்னும் நாம் தொடர்கின்றோமா? நம் வாய் மறுப்பதை நம் கையும் மறுக்கின்றதா?

இவற்றிற்கு முதற்படியிலேயே விடை காண்போர்க்கு மறுத்தல் எளிது. நண்பருக்காக மறுத்த பதினெழுவரும், உடனிருந்தோர் எழக்கண்டு தாமும் எழுந்த முப்பத்தறுவரும் நமக்குக் கற்பிப்பது இதுவே: மறுக்கும் ஆற்றல் ஒருசிலர்க்கே அருளப்பெற்ற தனிவரம் அன்று, அருகிருப்போரை அறிந்தும், அவர்க்குத் துணைநின்றும், பயின்று பெறத்தக்கது.